நிகழ்நேர உட்பொதி கருவிகளில் ஏஐ: பைத்தானும் சி-யும் சந்திக்கும் இடம்

சின்ன போர்டில் ஏஐ ஓட்ட எந்த மொழி நல்லது என்று கேட்டால், பலரும் ஒரே ஒரு மொழியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் குறைந்தது இரண்டு மொழிகள் உள்ளே வரும். மாடலைப் பயிற்றுவிப்பது பைத்தானில். அது போர்டில் ஓடுவது சி-யிலோ சி++-லோ ரஸ்டிலோ. இந்த இரண்டு பக்கமும் தனித்தனியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். சென்சார் தரும் எண்களை மாடலுக்கு ஏற்றபடி மாற்றும் கணக்கை இரண்டு மொழியிலும் தனித்தனியாக எழுதுகிறோமே, அங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. அதனால் மொழித் தேர்வைப் பற்றிப் பேசும்போது அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். மோட்டாரின் அதிர்வைக் கவனித்து, பேரிங் தேய்கிறதா என்று சொல்லும் கருவி. சிப், 64 மெகாஹெர்ட்ஸில் ஓடும், ஆர்ம் நிறுவனத்தின் கார்ட்டெக்ஸ்-எம்4எஃப். 1 மெகாபைட் ஃபிளாஷ், 256 கிலோபைட் ரேம். அதிர்வு சென்சார் நொடிக்கு 3200 மாதிரிகள் தருகிறது. 1024 மாதிரிகள் சேர்ந்தால் ஒரு சாளரம், அதாவது 320 மில்லிசெகண்ட். பாதிக்குப் பாதி மேற்பொருந்துவதால் 160 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதிய சாளரம் தயாராகும். அதற்குள் எஃப்எஃப்டி (அதிர்வை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து, 512 அலைவரிசைப் புள்ளிகளை எட்டெட்டாகச் சேர்த்து 64 பட்டைகளாக்கி, மாடலை ஓட்டி முடித்துவிட வேண்டும். அதே சிப் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டையும் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அந்த லூப் ஓடியே ஆக வேண்டும்.

இங்கே சராசரி வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சராசரியாக 5 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு, எப்போதாவது ஒருமுறை 200 எடுத்துக்கொள்ளும் நிரலைத் தூக்கி எறியத்தான் வேண்டும். எப்போதும் 90 எடுக்கும் நிரல் தேறிவிடும். எந்த மொழியை எடைபோட்டாலும் முதல் கேள்வி இதுதான்: மிக மோசமான வேளையில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பைத்தான் இந்தக் கேள்வியில்தான் விழுகிறது. சிறு சிப்புகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தானில், பெரும்பாலான போர்டுகளில் ஒவ்வொரு தசம எண்ணும் ஹீப்பில் (ஓடும்போது தேவைக்கேற்ப ஒதுக்கப்படும் மெமரிப் பகுதியில்) புதிதாக உருவாகும் பொருள். இரண்டு தசம எண்களைக் கூட்டினாலே மெமரி போகும். ஹீப் நிரம்பியதும், பயன்படாத மெமரியை மீட்கும் குப்பை சேகரிப்பு தானாக ஓடும். அது பல மில்லிசெகண்ட் வரை பிடிக்கலாம். எப்போது ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. வன்பொருள் குறுக்கிட்டதும் உடனே ஓடும் ஹார்ட் இன்டரப்டுக்குள் ஹீப்பைத் தொடவே முடியாது என்பதால், அங்கே ஒரு தசமப் பெருக்கல் வந்தாலே மெமரி பிழை எழும். தானியங்கிச் சேகரிப்பை நிறுத்திவிட்டு, பஃபர்களை முன்கூட்டியே ஒதுக்கி, ஓய்வு நேரத்தில் நாமே சேகரிப்பை அழைக்கலாம். சார்பை நேரடி இயந்திர நிரலாக்கும் வைப்பர் குறிப்பைப் போட்டால் முழு எண் கணக்கு நன்றாகவே வேகமெடுக்கும். தசமக் கணக்குக்கு அது உதவாது. இவ்வளவு செய்தும் 1 மில்லிசெகண்ட் லூப்பை அதன் கையில் ஒப்படைக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து முடிவு சொல்லும் கருவி என்றால் மைக்ரோபைத்தானே போதும். அங்கே சி எழுதி நாட்களை வீணாக்க வேண்டியதில்லை.

இனி சி. 64 உள்ளீடு, 32, 16, கடைசியில் 3 வகை என்று ஒரு சின்ன வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். பெருக்கல்கள் 2048 + 512 + 48, மொத்தம் 2608. எடைகளை, அதாவது மாடல் கற்றுக்கொண்ட பெருக்கும் எண்களை, 8 பிட் முழு எண்களாக வைத்தால் 2608 பைட். 51 பயாஸ் எண்கள் (பெருக்கிய பின் கூட்டுபவை) 32 பிட்டில் 204 பைட். ஆக 2812 பைட். இதையே 32 பிட் தசமத்தில் வைத்தால் 10,636 பைட். ஒரு பெருக்கலுக்குப் பத்து சைக்கிள் என்று தாராளமாகப் போட்டாலும் 26,080 சைக்கிள், அதாவது 0.41 மில்லிசெகண்ட். இவ்வளவு சின்ன மாடலுக்கு இன்டர்பிரெட்டரும் வேண்டாம், பெரிய லைப்ரரியும் வேண்டாம். மூன்று ஃபார் லூப், சில கான்ஸ்ட் (மாறாதவை என்று அறிவித்த) அரேக்கள் போதும். அந்த அரேக்களுக்கு கான்ஸ்ட் போட மறந்தால், எடைகள் ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கப்பட்டு இரண்டு இடத்திலும் இடம் பிடிக்கும்.

அந்த மூன்று லூப்பிலும் தவறுக்கு இடம் இருக்கிறது. 8 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் அதிகபட்சம் 16,384 வரும். கூட்டுத்தொகையை 16 பிட் மாறியில் வைத்தால் இரண்டாவது பெருக்கலிலேயே 32,768 ஆகி எல்லை தாண்டி, எதிர்மறை எண்ணாகத் திரும்பிவிடும். 32 பிட்டில் வைத்தால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வரை கவலையில்லை. அடுத்தது, எடைகளை வெறும் கேர் (char) வகையில் அறிவிப்பது. பிசியில் அது குறியுள்ள எண்; ஆர்ம் கம்பைலர்களில் வழக்கமாகக் குறியற்ற எண். பிசியில் சரியாக ஓடிய நிரலில் மைனஸ் 3 என்ற எடை, போர்டில் 253 ஆகிவிடும். மாடல் எப்போதும் ஒரே வகையைச் சொல்லிக்கொண்டிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். எட்டு பிட் குறியுள்ள முழு எண் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று, 0.5 என்று எழுதுவதும் அதன் பின்னால் எஃப் சேர்த்து எழுதுவதும். எம்4எஃப்-இன் எஃப்பியூ (தசமக் கணக்குக்கான வன்பொருள்) 32 பிட் தசமத்தை மட்டுமே அறியும். எஃப் இல்லாத தசம எண்ணை சி 64 பிட்டாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு முழுவதும் மென்பொருளில் போலியாக நடக்கும். ஒரு சைக்கிளில் முடிய வேண்டிய பெருக்கல் பல பத்து சைக்கிள்களுக்கு இழுக்கும். மடக்கைச் சார்பும் அப்படியே. எஃப்-இல் முடியும் பெயரைத்தான் அழைக்க வேண்டும். டபுள்-ப்ரமோஷன் எச்சரிக்கையை கம்பைலரில் போட்டுவிட்டால் இந்த இடங்களை எல்லாம் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஏன் இதை எல்லோரும் முதல் நாளே போடுவதில்லை என்று புரியவில்லை.

மாடல் பெரிதாகும்போது, கன்வலூஷன் அடுக்குகள் வரும்போது, கையால் எழுதுவது வீண். அப்போது சி++. சிறு சிப்புகளில் மாடலை ஓட்டும் டென்சர்ஃப்ளோ லைட் மைக்ரோ லைப்ரரி சி++-ல் எழுதப்பட்டது. இயங்கும்போது, ஹீப்பிலிருந்து மெமரி கேட்கும் மல்லாக்கை அழைக்காது. டென்சர் அரீனா என்று ஒரு பைட் அரேயை நாமே ஒதுக்கித் தர வேண்டும். உள்ளே தேவையானது எல்லாம் அதிலிருந்தே போகும். 16 பைட் எல்லையில் அதை அலைன் செய்யுங்கள். முதலில் கொஞ்சம் தாராளமாக ஒதுக்கி, டென்சர்களை ஒதுக்கிய பிறகு எவ்வளவு செலவானது என்று இன்டர்பிரெட்டரையே கேட்டு, அதற்கு மேல் சிறிது இடம் விட்டுக் குறைத்துக்கொள்ளலாம். எல்லா ஆப்பரேட்டர்களையும் (மாடலின் கணக்குப் படிகள்) சேர்க்கும் வழியை விட்டு, உங்கள் மாடலுக்குத் தேவையானவற்றை மட்டும் ரிசால்வர் என்ற பட்டியலில் பதிவு செய்தால் ஃபிளாஷ் நிறைய மிச்சமாகும். ஒன்றை விட்டுவிட்டால் கம்பைல் ஆகும். போர்டில் ஓடத் தொடங்கும்போதுதான் டென்சர் ஒதுக்கீடு தோற்கும். அதனால் அந்த அழைப்பின் விடையைச் சோதிக்காமல் விடக் கூடாது. கார்ட்டெக்ஸ்-எம் சிப் என்றால் ஆர்மின் சிஎம்எஸ்ஐஎஸ்-என்என் லைப்ரரியின் கர்னல்களோடு (வேகப்படுத்திய கணக்கு நிரல்கள்) பில்ட் செய்யுங்கள். எம்4 போன்ற சிப்பில் அவை ஒரே கட்டளையில் இரண்டு 16 பிட் பெருக்கல்களைச் செய்து கூட்டும் வசதியைப் பயன்படுத்துகின்றன.

சி++-ஐ எடுத்தால் அதன் எல்லா வசதிகளையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. எக்செப்ஷனையும் (பிழையைத் தூக்கியெறியும் வசதி) ஆர்டிடிஐ-யையும் (ஓடும்போது வகை அறியும் வசதி) கம்பைலரில் அணைத்துவிடுங்கள். வெக்டர், ஸ்ட்ரிங் இரண்டும் வெளியே தெரியாமல் ஹீப்பைத் தொடுபவை. அளவு மாறாத அரே வகை போதும். பாதுகாப்பு முக்கியமான கருவிகளுக்கான மிஸ்ரா சி விதிகளும் டைனமிக் மெமரியைத் தடுக்கின்றன. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் கருவியில் ஹீப் துண்டு துண்டாகி, மொத்தத்தில் இடம் இருந்தும் தொடர்ச்சியாகக் கிடைக்காமல் போவதும் ஒரு காரணம்.

கணக்கு இரண்டு முறை எழுதப்படும் இடம்

மாடல் பைத்தானில் 97 சதவீதம் சரியாகச் சொன்னது, போர்டில் கண்டபடி சொல்கிறது என்றால், குவான்டைசேஷன் (மாடலை 8 பிட்டாகச் சுருக்குவது) மீது பழி போடும் முன், சென்சார் எண்களை மாடலுக்கு ஏற்றபடி மாற்றும் முன்கணக்கைப் பாருங்கள். நம் கருவியில் அது சாளரப் பெருக்கல், எஃப்எஃப்டி, வீச்சு, பட்டைகளாக்கல், மடக்கை, சராசரியும் விலக்கமும் வைத்துச் சீராக்கல், கடைசியாக 8 பிட்டாக்கல் என்று ஏழு படி. இவற்றில் பல படிகளில் பைத்தானுக்கும் சி-க்கும் இடையே ஒரு விரிசல் உண்டு.

மாதிரிகளின் இரு ஓரங்களையும் மெல்லக் குறைக்கப் பெருக்கும் ஹான் சாளரம் இரண்டு வகை. பைத்தான் லைப்ரரியான நம்பை தரும் ஹானிங் சமச்சீரானது. சைபை லைப்ரரியின் கெட்-விண்டோ சார்பு இயல்பாகத் தருவது சுழற்சி வகை. வகுக்கும் எண் ஒன்றில் 1023, மற்றதில் 1024. வித்தியாசம் சின்னது, ஆனால் பிற்பாடு ஒப்பிடும்போது எண்கள் ஏன் ஒட்டவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். எஃப்எஃப்டி-யில் விரிசல் பெரிது. ஆர்மின் சி லைப்ரரியான சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி-யின் வேகமான மெய்யெண் எஃப்எஃப்டி, விடையின் முதல் இரண்டு இடங்களில் பூஜ்ய அலைவரிசையின் மதிப்பையும் கடைசி அலைவரிசையின் மதிப்பையும் அருகருகே திணித்துத் தரும். அதை மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று எடுத்து வீச்சு கணக்கிட்டால் முதல் பட்டை முழுவதும் தவறு. தவிரவும் அது உள்ளீட்டு பஃபரையே அழித்து எழுதும். மேற்பொருந்தும் சாளரத்துக்காக அதே பஃபரின் பின்பாதியை மறுபடி எடுத்தால் குப்பைதான் கிடைக்கும். எஃப்எஃப்டி-க்கு நகல் ஒன்றைக் கொடுங்கள்.

மடக்கையில் அடி எது, இயல் மடக்கையா பத்தா என்பது ஒன்று. பூஜ்யத்தைத் தவிர்க்கச் சேர்க்கும் மிகச் சிறிய எண் இரண்டு பக்கமும் ஒன்றா என்பது இன்னொன்று. மோட்டார் நின்றிருக்கும்போது எல்லாப் பட்டைகளும் அந்தச் சிறிய எண்ணாலேயே தீர்மானிக்கப்படும். விலக்கத்தில், நம்பை இயல்பாக மாதிரி எண்ணிக்கையால் வகுக்கிறது. சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி ஒன்று குறைத்து வகுக்கிறது. 1024 மாதிரிகளில் இது தெரியாது. எட்டு புள்ளிகளுக்கு விலக்கம் எடுத்தால் கண்ணில் படும் அளவுக்கு மாறும். ஒலி வேலை செய்பவர்கள் லிப்ரோசா என்ற பைத்தான் லைப்ரரியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: கோப்பைத் திறக்கும்போதே அது ஒலியை 22,050 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடும், சாளரங்களை நடுமையப்படுத்த இருபுறமும் திணிப்பு சேர்க்கும். போர்டில் 16,000 ஹெர்ட்ஸில் வரும் ஓடையில் அந்தத் திணிப்பு ஏது?

8 பிட்டாக்கும் கடைசிப் படி, மதிப்பை ஸ்கேலால் (ஒரு படியின் அளவு) வகுத்து, முழுமையாக்கி (அருகிலுள்ள முழு எண்ணாக்கி), ஜீரோ பாயின்டைக் (பூஜ்யத்தைக் குறிக்கும் முழு எண்) கூட்டுவது. சி-யில் நேராக முழு எண்ணாக மாற்றினால் 2.9 என்பது 2 ஆகும், மைனஸ் 2.9 மைனஸ் 2 ஆகும். எல்லா எண்களும் சராசரியாக அரைப்படி பூஜ்யத்தை நோக்கி நகர்ந்துவிடும். முழுமையாக்கும் சார்பை அழைத்தாலும், பைத்தான் 2.5-ஐ 2 ஆக்குகிறது, சி 3 ஆக்குகிறது. இது அபூர்வமாகத்தான் இடிக்கும். மறக்கவே கூடாதது எல்லை கட்டுவது. மைனஸ் 128-க்குக் கீழும் 127-க்கு மேலும் போனால் அங்கேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியில் பார்க்காத பலத்த அதிர்வு வரும்போது 130 என்பது மைனஸ் 126 ஆகி, மாடல் அதை அமைதி என்று படித்துவிடும். எந்த நேரத்தில் எச்சரிக்கை வர வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும் கருவி அது.

இத்தனைக்கும் ஒரே தீர்வு, முன்கணக்கை ஒரே ஒரு முறை எழுதுவது. சி-யில் எழுதுங்கள். அதைப் பிசியில் பகிர் லைப்ரரியாக கம்பைல் செய்து, சி நிரலை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாகப் பைத்தானிலிருந்து அழைத்து, அந்த விடைகளை வைத்தே மாடலைப் பயிற்றுவியுங்கள். சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பி பிசியிலும் கம்பைல் ஆகும். அதற்குப் பைத்தான் தொகுப்பும் இருக்கிறது. சீராக்கல் எண்களையும் ஸ்கேலையும் பயிற்சி நிரலே ஒரு ஹெடர் கோப்பாக எழுதட்டும். கையால் தட்டச்சு செய்யக் கூடாது. இதன் பிறகும் கடைசி சில இலக்கங்கள் ஒட்டாது, ஏனென்றால் ஜிசிசி கம்பைலர், வசதி உள்ள சிப்பில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்த்து, நடுவில் முழுமையாக்காமல் செய்யும். இரண்டு பக்கமும் அந்தச் சேர்ப்பை அணைத்தால் இன்னும் நெருங்கும்.

அப்படியும் சோதனை எண்கள் வேண்டும். போர்டின் சொந்த சென்சாரிலிருந்தே இருபது சாளரங்களைச் சுத்தமான 16 பிட் எண்களாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் பைத்தான் பக்கம் வரும் மதிப்பை அவற்றோடு சேர்த்து வையுங்கள். போர்டில் அதே உள்ளீட்டை ஊட்டி, படிப்படியாக ஒப்பிடுங்கள். தசமப் படிகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 8 பிட் படிகளில் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது. கடைசி விடையை மட்டும் ஒப்பிட்டால் எந்தப் படியில் பிசகியது என்று தெரியாது.

ரஸ்ட் எங்கே வருகிறது? மாடலைச் சுற்றியிருக்கும் நிரலில். டிஎம்ஏ (சிபியு உதவியின்றித் தரவை நகர்த்தும் வன்பொருள்) ஒரு பஃபரை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அதே பஃபரை எஃப்எஃப்டி படித்துவிடும் பிழை சி-யில் சாதாரணம். வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறையும். ரஸ்டில் பஃபரின் உரிமையையே டிஎம்ஏ-விடம் ஒப்படைக்கும்படி டிரைவர்கள் எழுதப்படுகின்றன. அது திரும்பி வரும் வரை நம் நிரல் அதைத் தொட்டால் கம்பைலே ஆகாது. ரஸ்டின் நிகழ்நேரக் கட்டமைப்பான ஆர்டிஐசி இன்னும் ஒரு படி மேலே போய், பகிர்ந்த தரவைத் தொடும் டாஸ்க்குகளின் முன்னுரிமைகளில் உச்சமானதை கம்பைல் நேரத்திலேயே கணக்கிட்டு, டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நிற்பது) வராமல் செய்கிறது. ஆனால் சிஎம்எஸ்ஐஎஸ்-என்என் சி-யில்தான் இருக்கிறது; அதை அழைக்கும் இடம் அன்சேஃப் தொகுதிக்குள் போகும், அங்கே ரஸ்டின் காவல் கிடையாது. சி லைப்ரரியை ஹார்ட் ஃப்ளோட்டில் (தசம எண்களை எஃப்பியூ வழியே அனுப்பும் முறை) கம்பைல் செய்துவிட்டு ரஸ்ட் டார்கெட்டை சாஃப்ட் ஃப்ளோட்டில் வைத்தால் லிங்கர் மறுத்துவிடும். இரண்டையும் ஒரே வகையில் வையுங்கள். முழு எண் எல்லை தாண்டினால் டீபக் பில்டில் நிரல் பேனிக் ஆகி முறியும், ரிலீஸ் பில்டில் சத்தமில்லாமல் சுற்றிக்கொள்ளும். அதனால் எல்லையிலேயே நின்றுவிடும் கூட்டலை வெளிப்படையாக அழைப்பதே நல்லது. பேனிக் ஆனால் என்ன செய்வது என்பதையும் நீங்களே எழுத வேண்டும். அப்படியே நின்றுவிடும் ஹேண்ட்லர், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது சரியான விடையாகாது. சான்றிதழ் தேவைப்படும் துறைகளுக்கு ஃபெரோசீன் என்ற ரஸ்ட் கம்பைலர் 2023-ல், வாகனப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 தகுதி பெற்றது. ஏடா மொழியும் அதன் ஸ்பார்க் உட்பிரிவும் இந்தத் துறைகளில் வெகு காலமாக இருக்கின்றன. எல்லை தாண்டாது என்று நிரல் ஓடும் முன்பே நிரூபிக்க ஸ்பார்க்கை விஞ்ச ஆளில்லை. நிலைப்புள்ளி எண்கள் (புள்ளியின் இடம் மாறாத தசமங்கள்) ஏடாவில் மொழியிலேயே உண்டு.

நேரத்தை அளப்பது

கார்ட்டெக்ஸ்-எம்4-இல் டிடபிள்யூடி என்ற பகுதியில் சைக்கிள்களை எண்ணும் எண்ணி (கவுண்டர்) ஒன்று இருக்கிறது. முதலில் டீபக் பகுதியின் டிரேஸ் பிட்டை ஏற்றி, பிறகு எண்ணியை இயக்க வேண்டும். முதலாவதை மறந்தால் எப்போதும் பூஜ்யமே வரும். 64 மெகாஹெர்ட்ஸில் அது 67 நொடிக்கு ஒருமுறை சுற்றித் திரும்பும். குறியற்ற 32 பிட் கழித்தலில் அது பாதிக்காது. ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் பார்த்து அதிகபட்சத்தை மட்டும் ஒரு மாறியில் வைத்திருங்கள். லூப்புக்குள் பிரின்ட்எஃப் வேண்டாம்: 115200 வேகத்தில் 40 எழுத்து அனுப்பவே 3.5 மில்லிசெகண்ட் ஆகும். அளப்பதற்காகப் போட்டதே கெடுவை உடைக்கும்.

அடர்த்தி அடுக்கும் கன்வலூஷன் அடுக்கும் உள்ளீடு எதுவானாலும் அதே அளவு கணக்கையே செய்கின்றன. நிகழ்நேர வேலைக்கு இது பெரிய வரம். ஆபத்து மாடலுக்குப் பின்னால் வரும் நிரலில்தான். பொருள் கண்டறியும் மாடலின் முடிவில், ஒன்றன்மேல் ஒன்று விழும் பெட்டிகளைக் களையும் படி, பெட்டிகள் எத்தனை என்பதைப் பொறுத்து நீளும். வெறும் சுவரைக் காட்டி அளந்துவிட்டு, கூட்டத்தின் முன் வைத்தால் கெடு தாண்டும். களையும் முன்பே பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

எம்7 போன்ற கேஷ் (அண்மையில் படித்ததை வைத்திருக்கும் வேக மெமரி) உள்ள சிப்பில் முதல் ஓட்டம் மற்றவற்றைவிட மெதுவாக இருக்கும். அதைக் கழித்துவிடாமல் கணக்கில் சேர்க்க வேண்டும். டிஎம்ஏ ரேமில் எழுதியதை கேஷ் அறியாது என்பதால், படிக்கும் முன் அந்தப் பகுதியின் கேஷைச் செல்லாததாக்க வேண்டும். பஃபரின் தொடக்கமும் நீளமும் 32 பைட்டின் மடங்காக இல்லாவிட்டால், அருகில் இருக்கும் மாறியின் புதிய மதிப்பும் சேர்ந்து தொலையும்.

டாஸ்க்குகளுக்கு முன்னுரிமை, கால இடைவெளி குறைந்ததற்கே முதலில். கட்டுப்பாடு 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 0.2 மில்லிசெகண்ட், ஏஐ 160-க்கு 30, தகவல் அனுப்புவது 500-க்கு 25 என்றால் மொத்தச் சுமை 44 சதவீதம். லியு, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் 1973-ல் தந்த சுமை வரம்பு மூன்று டாஸ்க்குகளுக்கு 78 சதவீதம். அதற்குள் இருப்பதால், ஒன்றையொன்று காத்திருக்க வைக்காதவரை எல்லாக் கெடுவும் காக்கப்படும். ஏஐ டாஸ்க்கின் ஸ்டாக்கைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். தசமக் கணக்கு செய்யும் டாஸ்க்கை இன்டரப்ட் குறுக்கிட்டால் 32 பைட்டுக்குப் பதில் 104 பைட் ஸ்டாக்கில் போகும். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில் ஸ்டாக் அளவு வேர்டுகளில் (இங்கே ஒன்று 4 பைட்). இஎஸ்பி32 சிப்புகளுக்கான இஎஸ்பி-ஐடிஎஃப்-ல் அதே சார்புக்குப் பைட்டுகளில். நிரலை முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அப்படியே எடுத்துப் போனால் ஸ்டாக் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

லினக்ஸ் ஓடும் பெரிய போர்டுகளில் 2024-ல் வந்த 6.12 கர்னலிலிருந்து நிகழ்நேர வசதி நேராகவே கிடைக்கிறது. அங்கும் கட்டுப்பாட்டு லூப் தனி சி++ ப்ராசஸாக, ஃபிஃபோ என்ற நிகழ்நேர முன்னுரிமையில், மெமரியைப் பூட்டிக்கொண்டு ஓடட்டும். பைத்தானில் எழுதிய ஏஐ பகுதி தனி ப்ராசஸாக இருந்து, பகிர்ந்த மெமரியில் விடையையும் நேரமுத்திரையையும் எழுதட்டும். முத்திரை பழசாக இருந்தால் கட்டுப்பாட்டு லூப் அந்த விடையை ஒதுக்கிவிட வேண்டும்.

வாட்ச்டாக்கை (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் பகுதி) டைமர் இன்டரப்டிலிருந்து தட்டாதீர்கள். ஏஐ டாஸ்க் தொங்கிப்போனாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டுப்பாட்டு லூப்பும் ஏஐ டாஸ்க்கும் தங்கள் சுற்றை முடித்ததும் ஆளுக்கொரு பிட்டை ஏற்றட்டும். இரண்டும் ஏறியிருந்தால் மட்டுமே தட்டிவிட்டு, இரண்டையும் இறக்குங்கள். வாட்ச்டாக்கின் காலம் இங்கே 160 மில்லிசெகண்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 400 சரியாக இருக்கும். ரீசெட் ஆனதும் சிப்பின் பின்கள் சிறிது நேரம் எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் மிதக்கும் என்பதால், மோட்டார் டிரைவரின் எனேபிள் பின்னில் 10 கிலோஓம் புல்-டவுன் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு வையுங்கள்.